சிறுவயதில் புற்றுநோய் வந்து மாறிய பிள்ளைகள்: பதினெட்டு வயதுக்குப் பின் யார் பார்ப்பது?

கடந்த சில இதழ்களில் இப்பகுதியில் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூட்டுவலி என்று பெரியவர்களின் நோய்களைப் பற்றியே கூடுதலாக எழுதி வந்தோம். இம்முறை எடுத்துக்கொள்ளும் விடயம் எல்லா வீட்டுக்கும் உரியதல்ல. ஆனால் உரிய வீடுகளில் இதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை என்பதனால் எழுத வேண்டியிருக்கிறது.

சுவிற்சர்லாந்தில் ஆண்டுதோறும் சுமார் 350 பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் புற்றுநோய் இருப்பதாகக் கண்டறியப்படுகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரத்தப் புற்றுநோய். ஐந்து பேரில் நான்கு பேருக்கும் மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். இது மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று. எமது மக்கள் இந்நாட்டுக்கு வரத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் பேர்ணிலும் சூரிச்சிலும் லவுசானிலும் சிறுவர் வைத்தியசாலைக் கட்டில்களில் முடி கொட்டிய தலையோடு படுத்திருந்த தமிழ்ப் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள், வங்கியில் வேலை செய்கிறார்கள், கல்யாண வயதில் நிற்கிறார்கள். சிலர் தாங்களே தாய் தந்தையராகிவிட்டார்கள்.

இவர்களைச் சிறுவர் வைத்தியசாலை பொதுவாக 16 முதல் 18 வயதுவரை பார்க்கும். சில இடங்களில் இன்னும் கொஞ்சக் காலம் வைத்திருப்பார்கள். அதன்பின் ஒரு நாள் கை குலுக்கி, "இனி நீங்கள் பெரியவர், பெரியவர்களுக்கான வைத்தியரிடம் போங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த நாளுக்குப் பிறகு பலர் எங்குமே போவதில்லை. பிள்ளை சுகமாக இருக்கிறான், காய்ச்சல்கூட வருவதில்லை, பிறகென்ன என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள்.

மாறிய வருத்தத்துக்கு ஏன் மறுபடி வைத்தியர்?

நியாயமான கேள்விதான். ஐந்து ஆண்டுகள், பத்து ஆண்டுகள் கழிந்தபின் அதே புற்றுநோய் திரும்பி வருவது அரிது. இங்கே நாம் பேசுவது அதைப் பற்றியல்ல, சிகிச்சை விட்டுச் சென்ற தழும்புகளைப் பற்றி. புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் மருந்துக்கு நல்ல கலம், கெட்ட கலம் என்ற பேதம் முழுமையாகத் தெரியாது. வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு சின்ன உடம்பில் இதயத் தசை, எலும்பு, சூலகம், விதை, சிறுநீரகம், காது நரம்பு, மூளை ஆகிய எல்லாம் அந்த மருந்தையும் கதிரையும் சேர்ந்தே வாங்கிக்கொள்கின்றன. விளைவு உடனே தெரியாது. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் தெரியலாம்.

அமெரிக்காவில் 1970க்கும் 1986க்கும் இடையில் சிறுவயதில் புற்றுநோய் வந்து பிழைத்த 10,397 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 2006இல் வெளியானது. அவர்களின் சராசரி வயது அப்போது 27க்குக் கிட்ட. நூற்றில் 62 பேருக்கு ஏதாவதொரு நாட்பட்ட நோய் இருந்தது. நூற்றில் 27 பேருக்கு அது கடுமையானதாகவோ உயிருக்கு ஆபத்தானதாகவோ இருந்தது. இதை வாசித்துவிட்டு இன்றிரவே மகனை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு ஓட வேண்டாம். அது பழைய காலச் சிகிச்சை. இன்று தலைக்குக் கதிர் கொடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது, மருந்துகளின் அளவையும் கவனமாகக் கட்டுப்படுத்துகிறார்கள். ஆனால் இந்த நோய்களில் பெரும்பாலானவை ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாதவை என்பதையும், நேரத்தோடு கண்டால் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

இதயத்தை எடுத்துக்கொள்வோம். பல பெற்றோருக்கு "சிவப்பு மருந்து" நினைவிருக்கும். சேலைன் போல ஏற்றுவார்கள், அதன்பின் சிறுநீரும் சிவப்பாகப் போகும், தாய்மார் பயந்துபோவார்கள். அது டொக்சோரூபிசின் அல்லது அதன் உறவுக்கார மருந்தான டோனோரூபிசின். இரத்தப் புற்றுநோய், நிணநீர்க் கட்டி, எலும்புப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு மிக நல்ல மருந்து. இதயத் தசையை மெல்ல மெல்லப் பலவீனப்படுத்தக்கூடியதும் அதுதான். எவ்வளவு ஏறியது என்பதே முக்கியம். உடல் மேற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு மொத்தம் 250 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பெற்றவர்கள் கூடிய ஆபத்து உள்ளவர்கள். நெஞ்சுக்குக் கதிரும் சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்கோ ஸ்கான் செய்து பார்ப்பது நல்லது என்பது 2023இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேசப் பரிந்துரை. நடுத்தர ஆபத்து உள்ளவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். மிகக் குறைந்த அளவு பெற்றவர்களுக்கு வழமையான எக்கோவே தேவையில்லை.

இதிலிருந்து விளங்குவது என்ன? "சிவப்பு மருந்து கொடுத்தார்கள்" என்ற நினைவு மட்டும் வைத்தியருக்குப் போதாது. அந்த எண் வேண்டும். எண் இல்லாவிட்டால் ஒன்றில் தேவையில்லாமல் பயப்பட்டுச் சோதனை செய்துகொண்டிருப்போம், அல்லது தேவையானவருக்குச் செய்யாமல் விட்டுவிடுவோம்.

இன்னோர் உதாரணம். பதின்மூன்று வயதில் நிணநீர்ப் புற்றுநோய்க்காக நெஞ்சுக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அவருக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு கூட. அதனால் 25 வயதிலிருந்து, அல்லது கதிர்ச் சிகிச்சை முடிந்து 8 ஆண்டுகள் சென்றபின், இவற்றுள் எது பிந்தி வருகிறதோ அப்போதிலிருந்து மார்பகப் பரிசோதனை தொடங்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யும் அதில் அடங்கும். சுவிஸ் கன்ரோன்களில் நடக்கும் மாமோகிராபித் திட்டங்களோ 50 வயதிலிருந்துதான் கடிதம் அனுப்புகின்றன. இந்தப் பெண் தானாகச் சொல்லாவிட்டால், 25 வயதில் அவரைக் கூப்பிட இந்நாட்டில் எவருமில்லை. நாம் "இடைவெளி" என்று சொல்வது இதைத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கழுத்துக்குக் கதிர் பட்டிருந்தால் தைரொயிட் சுரப்பியைப் பார்க்க வேண்டும். சிஸ்பிளாட்டின் பெற்றவர்களுக்குக் காதும் சிறுநீரகமும். நீண்டகாலம் ஸ்ரெரொயிட் எடுத்தவர்களுக்கு எலும்பு, குறிப்பாக இடுப்பு மூட்டு. மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள் தடுப்பூசிகளைச் சரியாகப் போட்டிருக்க வேண்டும். அவர்களுக்குக் கடும் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 90களின் தொடக்கத்துக்கு முன் இரத்தம் ஏற்றப்பட்டவர்கள் ஹெப்படைட்டிஸ் சி சோதனையை ஒருமுறை செய்துகொள்வது நல்லது.

எமது மக்களுக்கென்று ஒரு விடயம் தனியாக உண்டு. தென்னாசியர்களான எமக்கு நீரிழிவும் மாரடைப்பும் ஐரோப்பியரைவிட முந்தி வருகின்றன என்பதை இப்பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறோம். வயிற்றுக்கோ முழு உடலுக்கோ கதிர் பெற்றவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு அந்தக் காரணத்தாலும் கூடுகிறது. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் முப்பது வயதிலேயே குளுக்கோசும் கொலஸ்திரோலும் இரத்த அழுத்தமும் பார்க்கப்பட வேண்டும். சிகரெட் என்ற பேச்சே இருக்கக் கூடாது.

அந்த ஒரு கடதாசி

சிறுவர் வைத்தியசாலையிலிருந்து விலகுவதற்கு முன் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது சிகிச்சைச் சுருக்கம். இரண்டு மூன்று பக்கம்தான் வரும். என்ன நோய், எந்த ஆண்டு, எந்தச் சிகிச்சைத் திட்டம், எந்தெந்த மருந்து மொத்தம் எவ்வளவு, உடலின் எந்தப் பகுதிக்கு எத்தனை கிரே கதிர், என்ன சத்திரசிகிச்சை, என்ன சிக்கல்கள் வந்தன என்பவை அதில் இருக்க வேண்டும். அத்தோடு இனி எந்தச் சோதனையை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை செய்வது என்ற திட்டமும் வேண்டும். ஜேர்மன் பகுதியில் இதை "நாக்ஸோர்கபிளான்" என்பார்கள். தடித்த கோவை முழுவதையும் தந்தால் வாங்கி வையுங்கள், ஆனால் அது இதற்கு ஈடாகாது. முந்நூறு பக்கக் கோவையை இருபது நிமிடச் சந்திப்பில் எந்தக் குடும்ப வைத்தியரும் வாசிக்கப் போவதில்லை. நாமும் அப்படித்தான்.

ஏற்கனவே விலகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் தாமதிக்க வேண்டாம். நோயாளியின் கோவையை வைத்தியசாலைகள் எக்காலத்துக்கும் வைத்திருப்பதில்லை. நீண்ட காலமாகப் பத்து ஆண்டு என்பதே வழமையான எல்லையாக இருந்து வந்தது. சில இடங்களில் அதற்குமேலும் வைத்திருக்கிறார்கள். 18 வயது கடந்தவர் தானே கையெழுத்திட்டுக் கடிதம் எழுதிக் கேட்கலாம், தனது கோவையின் பிரதியைப் பெறுவது அவருடைய உரிமை. காரணம் சொல்லத் தேவையில்லை. ஒருவேளை கோவை அழிக்கப்பட்டிருந்தால் வீட்டிலுள்ள பழைய கடிதங்கள், மருந்து அட்டைகள், அம்மா எழுதி வைத்த நாட்குறிப்பு ஆகியவையும் உதவும். அக்காலத்து நோயின் பெயரும் ஆண்டும் தெரிந்தால், எந்தச் சிகிச்சைத் திட்டம் பயன்பட்டிருக்கும் என்று புற்றுநோய் வைத்தியர்களால் ஓரளவு கணிக்க முடியும்.

சில பிள்ளைகள் இங்கு வருவதற்கு முன் மகரகமவிலோ, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ, வேலூரிலோ சிகிச்சை பெற்றவர்கள். அங்கே தரும் வெளியேற்ற அட்டை ஆங்கிலத்திலேயே இருக்கும், மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஊருக்குப் போகும் உறவினரிடம் சொல்லியாவது ஒரு பிரதி எடுப்பித்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய நாடுகளின் வைத்தியர்களும், நோயிலிருந்து மீண்டவர்களும், பெற்றோரும் சேர்ந்து 2008இல் "பான்கேர்" என்ற வலையமைப்பைத் தொடங்கினார்கள். மீண்டவர் ஒவ்வொருவர் கையிலும் கடவுச்சீட்டுப் போல ஒரு சுகாதார ஏடு இருக்க வேண்டும் என்பது அவர்கள் முன்னெடுக்கும் முயற்சிகளில் ஒன்று. கடவுச்சீட்டின் அருமை எம்மைவிட வேறு யாருக்குத் தெரியும்! அந்தக் கடதாசியைப் படம் பிடித்துப் பிள்ளையின் கைத்தொலைபேசியிலும் வைக்கச் செய்யுங்கள். குடும்ப வைத்தியருக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

இங்கே ஒரு சிறு விளக்கம். "பிள்ளையின் விபரத்தைப் பதிவு செய்கிறார்களாம், ஆபத்து ஒன்றுமில்லையே" என்று எம்மிடம் கேட்ட பெற்றோர் உண்டு. பதிவு என்ற சொல்லைக் கேட்டாலே கொழும்பு லொட்ஜும் பொலிஸ் பதிவும் நினைவுக்கு வரும் தலைமுறை எமது. இது அதுவல்ல. சுவிற்சர்லாந்தில் சிறுவர் புற்றுநோய்ப் பதிவேடு 1976 முதல் இருக்கிறது. பேர்ண் பல்கலைக்கழகத்தில் வைத்துப் பராமரிக்கிறார்கள். 2020 சனவரி முதல் புற்றுநோய்ப் பதிவுச் சட்டத்தின்படி இது நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கப்பட்டது. 20 வயதுக்குக் குறைந்தவர்களின் விபரங்கள் அங்கே போகின்றன. அது ஆய்வுக்கும் புள்ளிவிபரத்துக்குமானது, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கோ காப்புறுதி நிறுவனத்துக்கோ போவதில்லை. விருப்பமில்லாவிட்டால் மறுக்கும் உரிமையும் உண்டு. ஆனால் நாம் மறுக்கச் சொல்ல மாட்டோம். பேர்ணில் இருப்பவர்கள் 2007 முதல் மீண்டவர்களின் வீடுகளுக்குக் கேள்விக்கொத்து அனுப்பி, எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்து வருகிறார்கள். அப்படியொரு தடித்த உறை வந்தால் பழைய பேப்பர் கட்டோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். தமிழ்ப் பெயர்களும் அதில் இருந்தால்தான் எமது பிள்ளைகளின் நிலையும் தெரியவரும்.

பிள்ளைக்குத் தெரியுமா?

இதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விடயம். எமது பிராக்சிசுக்கு இருபது வயதைக் கடந்த ஒருவர் வருகிறார். முன்பு என்ன வருத்தம் இருந்தது என்று கேட்கிறோம். "சின்ன வயசில் இரத்தத்தில் ஏதோ பிரச்சினையாம், அம்மாவுக்குத்தான் தெரியும்" என்கிறார். நெஞ்சில் மருந்து ஏற்றிய குழாயின் தழும்பு இருக்கிறது. மூன்று வயதில் வந்த வருத்தம், அவருக்கு நினைவில்லை. வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், ஊரிலிருக்கும் அம்மம்மாவுக்குக்கூடத் தெரியும். உடம்புக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியாது.

பெற்றோரைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. போரிலிருந்து தப்பி வந்து, பாஷை தெரியாமல், வதிவிட அனுமதி கிடைக்குமா என்று தெரியாமல் இருந்த காலத்தில் பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் எப்படியிருந்திருக்கும்? பகலில் வைத்தியசாலை, இரவில் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை என்று இரண்டு ஆண்டுகள் ஓடியவர்கள் அவர்கள். அந்தக் காலத்தை மூடி வைக்க விரும்புவது இயல்பு. பேசினால் திரும்பி வந்துவிடும் என்ற பயமும் உண்டு. கோவையை அகதி விண்ணப்பக் கடிதங்களோடு சேர்த்து அலுமாரியின் மேல்தட்டில் பூட்டி வைத்திருப்பார்கள். அந்த அலுமாரியைத் திறக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

எப்போது சொல்வது? ஒரே நாளில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டத் தேவையில்லை. ஏழு எட்டு வயதில் "உனக்கு ஒரு பெரிய வருத்தம் வந்தது, அதற்குப் பெயர் இது, மருந்து கொடுத்து மாற்றினார்கள்" என்பது போதும். பன்னிரண்டு பதின்மூன்றில் மருந்துகளின் பெயரைச் சொல்லலாம். பதினான்கு பதினைந்தில் பிள்ளையே வைத்தியரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பழக வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கள். இது எமது அம்மாமாருக்கு எவ்வளவு கடினம் என்பது எமக்குத் தெரியும். பதினாறில் சந்திப்பு நேரத்தைப் பிள்ளையே தொலைபேசியில் எடுக்கட்டும். பதினெட்டுக்கு முன் ஒருமுறையாவது பெரியவர்களின் வைத்தியரைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அப்போது சிறுவர் வைத்தியரும் இன்னும் தொடர்பில் இருப்பார். இரண்டு வைத்தியர்களும் சில மாதங்கள் ஒன்றாகப் பார்ப்பதே நல்ல கைமாற்றம்.

சில நேரம் வைத்தியர், "பெற்றோர் கொஞ்ச நேரம் வெளியில் இருங்கள்" என்று சொல்வார். பலருக்கு இது அவமானமாகப் படுகிறது. பத்து வருடம் தூக்கிச் சுமந்தோம், இப்போது வெளியே போ என்கிறார்களே என்று ஒரு தாய் எம்மிடம் அழுதிருக்கிறார். சுவிஸ் சட்டத்தின்படி விடயத்தை விளங்கிக்கொள்ளும் ஆற்றலுள்ள பிள்ளை, 18 வயதாகாவிட்டாலும், தனது உடம்பைப் பற்றித் தானே வைத்தியரோடு பேசவும் முடிவெடுக்கவும் உரிமை உள்ளவர். இதற்கென்று குறிப்பிட்ட வயது வைக்கப்படவில்லை. பிள்ளை தனியே கேட்க விரும்பும் கேள்விகள் இருக்கின்றன. சிகரெட் பிடித்துப் பார்த்தேன், எனக்குப் பிள்ளை பிறக்குமா, நான் எத்தனை வயதுவரை இருப்பேன் என்பவற்றை அம்மா முன்னால் யார்தான் கேட்பார்?

இன்னொன்று, அக்காவையோ அண்ணாவையோ மொழிபெயர்க்க விடுவது. அந்தக் காலத்தில் வேறு வழியிருக்கவில்லை. எட்டு வயது அக்கா தம்பியின் புற்றுநோயை அம்மாவுக்குத் தமிழில் சொன்ன கதைகள் எமக்குத் தெரியும். அந்த அக்காவுக்கும் இன்று ஒரு வைத்தியரின் காது தேவைப்படலாம்.

பிரான்ஷீசும் நவம்பர் மாதமும்

இது காசு விடயம், ஆகவே கவனமாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கு அடிப்படைக் காப்புறுதியில் பிரான்ஷீஸ் இல்லை. பத்து வீதப் பங்கு மட்டும், அதுவும் ஆண்டுக்கு 350 பிராங்குக்கு மேல் போகாது. 18 வயது நிறைவடைந்த ஆண்டு முடிந்து, அடுத்த சனவரியிலிருந்து அவர் பெரியவர். குறைந்த பிரான்ஷீஸ் 300 பிராங், கூடியது 2500. பத்து வீதப் பங்கின் எல்லை 700 பிராங்காக உயர்கிறது.

அந்த நேரம் வீட்டில் என்ன நடக்கிறது? யாரோ ஒரு முகவர் வந்து, "தம்பி சுகமாகத்தானே இருக்கிறார், 2500 போடுங்கள், மாதக் கட்டணம் குறையும்" என்கிறார். கையெழுத்தாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு எக்கோ ஸ்கானுக்கும் இரத்தச் சோதனைக்கும் பல நூறு பிராங்குக்குப் பில் வருகிறது, முழுவதையும் கையிலிருந்து கட்ட வேண்டும். லேர செய்யும் பிள்ளைக்கு அது ஒரு மாதச் சம்பளம். அதற்கடுத்த ஆண்டு அவர் சோதனைக்குப் போக மாட்டார். ஒழுங்காகப் பரிசோதனை தேவைப்படும் ஒருவருக்கு 300 பிராங் பிரான்ஷீசே பெரும்பாலும் சரி. ஆண்டுக்கு எவ்வளவு சிகிச்சை எடுத்தாலும் அவருடைய பங்கு 1000 பிராங்கோடு நிற்கும். 2500 போட்டவருக்கு அது 3200 வரை போகலாம். பிரான்ஷீசைக் குறைக்க விரும்பினால் நவம்பர் முடிவதற்குள் கடிதம் காப்புறுதி நிறுவனத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

குடும்ப வைத்தியர் முறையிலோ முதலில் தொலைபேசியில் கேட்கும் முறையிலோ காப்புறுதி செய்திருந்தால், நேரே இதய நிபுணரிடம் போகாதீர்கள். அனுப்பும் கடிதம் இல்லாவிட்டால் பில் திரும்பி வரும். விலை கூடிய சோதனைகளுக்கு, முக்கியமாக இளம் பெண்ணுக்கு மார்பக எம்.ஆர்.ஐ. போன்றவற்றுக்கு, முன்கூட்டியே காப்புறுதியின் சம்மதத்தை வைத்தியர் மூலம் எழுத்தில் பெறுங்கள். இதற்கும் அந்தச் சிகிச்சைச் சுருக்கமே சான்று.

அடிப்படைக் காப்புறுதியில் பழைய நோயைக் காட்டி எவரையும் மறுக்க முடியாது, எந்த நிறுவனத்துக்கும் மாறலாம். மேலதிகக் காப்புறுதி அப்படியல்ல. அங்கே சுகாதாரக் கேள்விகள் கேட்பார்கள், மறுக்கவும் செய்வார்கள். பிள்ளையின் பெயரில் ஏற்கனவே மேலதிகக் காப்புறுதி இருந்தால், புதியது எழுத்தில் உறுதியாகும் முன் அதை நிறுத்திவிடாதீர்கள். படிவத்தில் நோயை மறைத்து எழுதுவதும் வேண்டாம், பின்னர் தெரியவந்தால் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

கல்யாணப் பேச்சு

பெற்றோர் மறைப்பதற்கு இன்னொரு காரணம் இதுதான். சம்பந்தம் பேசும்போது தெரிந்தால் குழம்பிவிடும் என்ற பயம். மருத்துவ உண்மையைச் சொல்கிறோம், முடிவு உங்களுடையது. சிறுவர் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரை நோயல்ல. கண்ணில் வரும் ரெற்றினோபிளாஸ்ரோமா போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கு மரபணு ஆலோசனை இருக்கிறது. மீண்டவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடுகள் கூடுதலாக வருவதில்லை என்பதைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பிள்ளை பெறும் ஆற்றல் வேறு விடயம். சைக்குளோபொஸ்பமைட் போன்ற மருந்துகள் கூடிய அளவில் ஏறியிருந்தால், அல்லது வயிற்றின் கீழ்ப்பகுதிக்குக் கதிர் பட்டிருந்தால், அது குறைந்திருக்கலாம். சில பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வந்தாலும் அது முப்பதுகளிலேயே நின்றுவிடலாம். அப்படியானவர் படிப்பு முடியட்டும், வீடு வாங்கட்டும் என்று முப்பத்தைந்துவரை தள்ளிப் போடுவதற்கு முன் தனது நிலையைத் தெரிந்திருக்க வேண்டும். இரத்தச் சோதனையும் ஸ்கானும் ஓரளவு சொல்லும். ஆண்களுக்கு விந்துச் சோதனை எளிது, வெட்கம்தான் தடை. இப்போது சிகிச்சை தொடங்கப் போகும், பருவமடைந்த பிள்ளையின் பெற்றோர் இதை வாசித்தால், சிகிச்சைக்கு முன்னரே கருமுட்டையையோ விந்தையோ பாதுகாத்து வைப்பது பற்றிக் கேளுங்கள். 2019 யூலை முதல் இதற்கு அடிப்படைக் காப்புறுதி உதவுகிறது.

சிவப்பு மருந்து பெற்ற பெண் கர்ப்பம் தரிக்க விரும்பினால் அதற்கு முன்னர், அல்லது முதல் மூன்று மாதத்துக்குள், எக்கோ ஸ்கான் செய்ய வேண்டும். கர்ப்பகாலத்தில் இதயத்தின் வேலை பெருமளவு கூடுகிறது. இதைப் பெண் நோய் வைத்தியருக்குச் சொல்ல வேண்டுமென்றால் கணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பின் பிரசவ வாட்டில் வைத்துத் தெரியவருவதைவிட முன்னரே சொல்வது நல்லது என்பது எமது அபிப்பிராயம்.

படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலைக்குக் கதிர் பெற்ற பிள்ளைகளுக்குக் கெட்டித்தனம் குறையாவிட்டாலும் வேகம் குறையலாம். ஞாபகம் தடுமாறலாம், மத்தியானத்துக்குப் பின் களைத்துப் போகலாம். இது சோம்பல் அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளை கிம்னாசியம் போய்விட்டது என்று வாட்டாதீர்கள். நரம்பியல் உளவியல் சோதனை ஒன்று செய்து அறிக்கை பெற்றால் பரீட்சையில் கூடுதல் நேரம் தருவார்கள், ஜேர்மனில் "நாக்டைல்ஸ்ஆவுஸ்கிளைக்" என்று கேட்க வேண்டும். தொழிற்கல்வியைத் தேர்ந்தெடுப்பதிலும் தொடர்வதிலும் இடர் இருந்தால் ஐ.வி. காப்புறுதியின் தொழில் ஆலோசனைக்கு விண்ணப்பிக்கலாம். ஐ.வி. என்றதும் ஓய்வூதியம் என்று நினைக்க வேண்டாம், வேலைக்கு அனுப்புவதே அதன் முதல் நோக்கம்.

யாரிடம் போவது?

சிறுவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் ஒன்பது நிலையங்கள் சுவிற்சர்லாந்தில் உள்ளன: ஆராவ், பாசல், பெலின்சோனா, பேர்ண், ஜெனீவா, லவுசான், லுசேர்ன், சென்காலன், சூரிச். முதலில் உங்கள் பிள்ளைக்குச் சிகிச்சை நடந்த இடத்தைக் கேளுங்கள், எத்தனை ஆண்டு ஆனாலும் பரவாயில்லை. வளர்ந்தவர்களுக்கென்றே தொடர் கண்காணிப்புச் சந்திப்புகள் சில வைத்தியசாலைகளில் நடக்கின்றன, பாசல்லாண்ட் கன்ரோனின் லீஸ்டால் வைத்தியசாலை அவற்றில் ஒன்று. அங்கே ஒரு முறை போய்த் திட்டத்தை வகுத்துக்கொண்டு, ஆண்டுதோறும் செய்ய வேண்டியதைக் குடும்ப வைத்தியரிடம் செய்யலாம். எல்லோரும் பெரிய வைத்தியசாலைக்கே போக வேண்டியதில்லை. குறைந்த ஆபத்து உள்ளவருக்குக் குடும்ப வைத்தியரே போதும், அவர் கையில் கடதாசி இருந்தால்.

பாசலிலுள்ள "கின்டர்கிரெப்ஸ் சுவைஸ்" என்ற அமைப்பு 2015இல் தொடங்கப்பட்டது. அதில் மீண்டவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, காப்புறுதி, தொழில், கண்காணிப்பு பற்றிக் கேட்கலாம். உங்கள் பிள்ளையை ஒத்த வயதில் இதே பாதையில் வந்தவர்களைச் சந்திக்கவும் வழி செய்வார்கள். இருபது வயது இளைஞன் எம்மைப் போன்ற நரைத்த தலை வைத்தியர் சொல்வதைவிட அவர்கள் சொல்வதைத்தான் கேட்பான்.

பெற்றோருக்கு ஜேர்மனோ பிரெஞ்சோ போதாவிட்டால், பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பெரிய வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறார்கள். தொலைபேசி மூலமும் ஒழுங்கு செய்ய முடியும். அவர்களும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள், சங்கக் கூட்டத்தில் வந்து சொல்ல மாட்டார்கள். சந்திப்பு நாளைக் குறிக்கும்போதே தேவை என்று சொல்லிவிடுங்கள், அன்று காலையில் கேட்டால் கிடைக்காது.